நடு நாற்காலிக்கு மட்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு பங்களா. அங்கிருந்து நடக்கும் இசை அறக்கட்டளை ஆண்டுக்கு ஓர் இளம் கலைஞரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷம் அவருடைய பயிற்சியையும் கச்சேரிகளையும் பார்த்துக்கொள்கிறது. தேர்வுக் குழுவில் இந்த முறை நான். நாற்பது வருஷமாக இதே கோயம்புத்தூரில் காந்திமதி என்று ஒருத்தி வயலின் வாசிப்பது இப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கோபித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நின்றேன்.

பாடியவர் யார், வாசித்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான். ஒலிப்பதிவைப் போடுவார்கள். மூன்று பேரும் கேட்டு மதிப்பெண் எழுத வேண்டும். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அமர்வு.

கேட்கும் அறை பங்களாவின் பின்பக்கம். உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப் போனேன். அறக்கட்டளையைத் தொடங்கிய மில் முதலாளி, இசை கேட்பதற்கென்றே தனக்காகக் கட்டிக்கொண்ட அறையாம். சுவரெல்லாம் மரச்சட்டம், கால் புதையும் கம்பளம். வெளியே போகிற லாரியின் சத்தம் ஒரு துளி உள்ளே வரவில்லை. எதிரே ஆளுயரத்துக்கு இரண்டு தேக்கு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காகிதக் கூம்பு, அதற்கு மேலே நாதஸ்வரத்தின் வாய் போல ஒரு கொம்பு. அவற்றுக்கு எதிரே சரியாக நடுவில், தோல் தைத்த நாற்காலி ஒன்று. அதைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி, பிற்பாடு வாங்கிப் போட்ட இரண்டு நாற்காலிகள்.

நான் நேரே நடு நாற்காலிக்குப் போனேன். செயலாளர் பதறிவிட்டார்.

"மேடம், உங்களுக்கு அந்த இடதுபக்கமுங்க. நடு நாற்காலி மூத்தவருக்கு. ஆரம்பத்துல இருந்து இங்க அப்படித்தானுங்க."

மூத்தவர் வந்தார். பார்த்தால் மிருதங்கம் பாலகுருசாமி!

இந்த மனிதரோடு நான் ஒரே மேடையில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கடைசிக் கச்சேரி பொள்ளாச்சியில். நான் ஆலாபனையில் இருக்கிறேன். இவர் மைக் செட்காரரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தினார். வயலினைக் குறை என்று அர்த்தம். நான் பார்த்தேன். சபையே பார்த்தது. அதற்குப் பிறகு இவர் மிருதங்கம் என்றால் எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

"வாங்க அம்மணி, சௌக்கியமுங்களா?" என்றார், நேற்றுத்தான் பார்த்தது போல. பொன்னாடை போர்த்தினார்கள். நடு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு வலதுபக்கம் கிடைத்திருந்தாலாவது அவருடைய இடது காதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே ரெஜினா. இசைக் கல்லூரியில் பாட்டு சொல்லித் தருகிறாள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், கைப்பையில் எப்போதும் முறுக்கும் தைலமும் இருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

எண் மூன்று, புல்லாங்குழல். நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் நடு நாற்காலியிலிருந்து குரல்.

"மூச்சு எடுக்கற சத்தம் கேட்டுச்சுங்களா அம்மணி? எவ்வளவு சின்னதா எடுக்கறான் பாருங்க. வாக்கியம் உடையவே இல்லை."

எனக்கு மூச்சு எதுவும் கேட்கவில்லை. "கேட்டேன்" என்றேன்.

மிருதங்கக்காரருக்குக் குழல்காரனின் மூச்சில் என்ன வேலை?

வீட்டில் சாம்பார் பொடி தீர்ந்துவிட்டது. அரைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எண் ஒன்பது, பெண் குரல். எனக்கு வார்த்தைகள் கொஞ்சம் மழுங்கலாக வந்தன. உச்சரிப்பில் மதிப்பெண் குறைத்தேன். அவரோ, "ஒவ்வொரு எழுத்தும் தண்ணியில கழுவி வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்கிறார். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார். ரெஜினா பக்கம் திரும்புவதே இல்லை. பெருமையடித்துக்கொள்ள நான்தான் கிடைத்தேன்.

வரும் வழியில் மருந்துக் கடையில் காதுக்குப் போடும் சொட்டு மருந்து வாங்கினேன். வீட்டில் ஒன்று இருப்பது நல்லதுதானே.

ஆகஸ்ட் 11, திங்கள்

எண் பதினான்கு. வயலின், சஹானா ராகம்.

என் வாத்தியம். என்னைவிட இதைக் கேட்கத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரல் சுத்தம். ஸ்வரம் சுத்தம். ஆனால் வில்? கம்பளிக்குள் வைத்து இழுத்தது போல இருந்தது. விரல் பேசுகிறது, வில் தூங்குகிறது. அப்படியே குறிப்பு எழுதி, பாதிக்குக் கீழே மதிப்பெண் போட்டேன்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த வில்லு திரும்பற எடம், கேட்டுச்சுங்களா? மணல் சரியற மாதிரி ஒரு சின்னச் சத்தம். ஒவ்வொரு தடவையும் அளந்து வெச்ச மாதிரி வருது. வில்லுலயே மூச்சு விடறாங்க, அம்மணி!"

வில் திரும்பும் இடத்தில், வில்லில் தேய்த்த குங்கிலியம் கம்பியில் உரசும் சத்தம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு இவரா சொல்ல வேண்டும்? அந்தச் சத்தம் அழகாக வரவேண்டும் என்று மூன்று வருஷம் விரல் வைக்காமல் வெறும் கம்பியில் இழுத்தவள் நான்.

ஆனால் எனக்குக் கேட்கவில்லை. காதைத் தீட்டினேன், தலையைச் சாய்த்தேன். ஒன்றுமில்லை.

"கேட்டேன்" என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடுகு தாளித்தேன். வெடித்தது கேட்டது. சுவர்க் கடிகாரம் கேட்டது. புடவை மடிக்கும் சத்தம் கேட்டது. என் வயலினை எடுத்து வாசித்தால் வில் திரும்புவது தெளிவாகவே கேட்டது. ஆனால் அது தாடைக்குக் கீழே இருக்கிறது, எலும்பு வழியாகவே ஏறிவிடும். அதை நம்ப முடியாது.

"என்ன, கடிகாரத்தையே முறைக்கற?" என்றார் என் வீட்டுக்காரர். டி.வி. அலறிக்கொண்டிருந்தது. குறைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிராஸ்கட் ரோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கட்டடத்தில் மாடியில் காது மூக்கு தொண்டை மருத்துவர், கீழே புடவைக் கடை. மாடிப்படி வரைக்கும் போனேன். மேலேயிருந்து எங்கள் தெரு மாமி ஒருத்தர் இறங்கி வந்தார். கடைக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு சுங்குடி எடுத்தேன். தேவையே இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

திருப்பூரிலிருந்து போன். நவராத்திரிக்குத் தனி வயலின் கச்சேரி வேண்டுமாம். மணிக்கட்டு வலி என்று சொல்லி மறுத்துவிட்டேன். மணிக்கட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

அமர்வில் எண் இருபத்தொன்று, வீணை. மீட்டும் நகம் கம்பியில் படும் இடம் பற்றி அவர் ஒரு வியாக்கியானம் செய்தார். வாயாடி.

ஆகஸ்ட் 20, புதன்

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வாத்தியம் இருக்கிறது, விரல் இருக்கிறது. காது போனால் இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இன்று அவர் சொன்ன ஒவ்வொன்றையும் மனசில் வாங்கி, அதை வைத்துத்தான் மதிப்பெண் போட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த மனிதரின் காது சாதாரணக் காது இல்லை. எழுபதை நெருங்கும் வயதில், தோலை அடித்தே வாழ்ந்த ஒருவருக்கு, குழலில் மூச்சும் வீணையில் நகமும் வயலினில் குங்கிலியமும் கேட்கிறது. கேட்டதை இரண்டே வார்த்தையில் எதிரே கொண்டுவந்து வைத்தும் விடுகிறார். இருபத்தைந்து வருஷமாக நான் இவரைக் கை பலம் மட்டும் உள்ளவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்மேல் மரியாதை வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வலது ஸ்பீக்கர் கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. அமர்வை நிறுத்திவிட்டார்கள். பீளமேட்டில் ஸ்பீக்கர் வடிவமைக்கும் பெண் ஒருவர் திங்களன்று வந்து பார்ப்பாராம். தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அன்றே சொல்லிவிட வேண்டும். ஏதாவது காரணம் யோசிக்க வேண்டும். மணிக்கட்டு சரிவராது, மதிப்பெண் போட மணிக்கட்டு எதற்கு?

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

அந்தப் பெண்ணின் பெயர் தஸ்லீமா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு மடிக்கணினி, முக்காலியில் நிற்கும் ஒல்லியான மைக், அளவு நாடா. கரகரப்பைக் கால் மணியில் சரிசெய்துவிட்டாள். கூம்பின் ஓரத்துப் பசை விட்டிருந்ததாம். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் சோதனைக்காக ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு, அறையின் குறுக்கே நடந்தாள். கூரைமேல் மழை பெய்வது போல ஒரே சீராக "சோ"வென்று ஒரு இரைச்சல். நடந்தவள் நின்றாள். திரும்பி நடந்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"நீங்க மூணு பேருமா இந்த மூணு நாற்காலியிலதான் உக்காந்து மார்க் போடறீங்க?"

"ஆமா" என்றாள் ரெஜினா.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மூணு பேரும் ஒரே பாட்டைக் கேக்கல."

என்னை எழுந்து வரச் சொன்னாள். "மேடம், உங்க நாற்காலியில இருந்து நடு நாற்காலி வரைக்கும் மெதுவா நடங்க. இரைச்சலை மட்டும் கவனிங்க."

நடந்தேன். என் இடத்தில் அந்த மழை தூரத்தில், ஓட்டுக்கு மேலே, மொத்தையாகப் பெய்தது. ஒவ்வோர் அடிக்கும் கிட்டே வந்தது. நடு நாற்காலிக்கு அருகே வந்ததும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெறித்தது. ஊசி ஊசியாகக் காதில் இறங்கியது. அப்படியே ரெஜினா பக்கம் போனேன். மறுபடியும் மொத்தை.

திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது முறையும் நடந்திருப்பேன், தஸ்லீமா சிரித்துக்கொண்டே சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

அவள் விளக்கியதை என் புத்திக்கு எட்டிய அளவில் எழுதி வைக்கிறேன். கீழ் ஸ்தாயியில் ஒலியின் அலை ஆளைவிட நீளம். அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு, சாம்பிராணிப் புகை மாதிரி அறை முழுக்கப் போய்விடும். மேலே போகப் போக அலை சிறுத்து விரல்கடை அளவாகிவிடும். அந்தச் சின்ன அலையைத் தட்டு அளவுக் கூம்பிலிருந்து தள்ளினால் அது பரவாது, டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டும்தான் போகும். பெரிய கூம்பு, நீளக் கொம்பு, இரண்டுமே அந்தக் குணம். டார்ச் விழுகிற இடத்தில் நடு நாற்காலி. நானும் ரெஜினாவும் இருட்டில். மூச்சு, மெய்யெழுத்தின் கூர்மை, நகம், குங்கிலியம், எல்லாம் அந்தச் சின்ன அலைகளில்தான் இருக்கின்றன.

"இது தப்பான ஸ்பீக்கர் இல்ல மேடம், அருமையான ஸ்பீக்கர். ஒருத்தருக்குன்னு பண்ணினது" என்றாள். பழைய பராமரிப்புக் குறிப்புகளைச் செயலாளர் எடுத்துத் தந்திருந்தாராம். அறையைக் கட்டிய பெரியவருக்குக் கடைசி வருஷங்களில் மேல் சத்தம் சரியாகக் கேட்காமல் போக, கொம்புகளை அவருடைய நாற்காலிக்கு நேரே திருப்பி, அந்த மேல் சத்தத்தின் அளவையும் கூட்டி வைத்திருக்கிறார்கள். நாற்காலி நகரக் கூடாது என்று போல்ட்டும் போட்டிருக்கிறார்கள். அவர் போன பிறகு, ஒருவருக்கான அறையில் மூன்று பேரை உட்கார வைத்து, அதிலும் மரியாதைப்படி வரிசைப்படுத்தி, வருஷக்கணக்காகத் தேர்வு நடத்தியிருக்கிறார்கள்! சுவரில் மாலை போட்ட பெரியவரின் படம் நடு நாற்காலிக்கு நேர் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. இத்தனை வருஷமும் அவருக்குத்தான் எங்களைவிட நன்றாகக் கேட்டிருக்கும்.

ரெஜினா போய் நடு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டாள். "அய்யோ ஆண்டவரே, காது கூசுது!" என்று எழுந்துவிட்டாள். "நான் சைனஸ்னு நினைச்சு மூணு வாரமா ஆவி பிடிச்சுட்டு இருக்கேன்."

"எனக்குச் சரியாத்தானே இருந்துச்சு" என்றார் பாலகுருசாமி.

பேசினால் அழுதிருப்பேன். என் காது இருக்கிறது. என் காது என்னிடமே இருக்கிறது!

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. "இத்தனை வருஷமா இப்படியே நடந்துருச்சுங்க... இந்த ஒரு தடவை இப்படியே முடிச்சுட்டு, அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்களா?"

பாலகுருசாமி எழுந்து நின்றார். "அதெப்படீங்க? அந்தப் பதினாலாம் நம்பர் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? ஸ்பீக்கரை மாத்துங்க. மொதல்ல இருந்து கேப்போம். இல்லீன்னா என்ற கையெழுத்துக் கெடையாது."

தஸ்லீமாவிடம் மாற்றுப் பெட்டி ஒன்று ஏற்கெனவே பாதி உருவாகியிருக்கிறதாம். மூன்று வாரம் கேட்டாள்.

வராந்தாவில் காபி வந்தது. ரெஜினா தஸ்லீமாவோடு உள்ளேயே இருந்தாள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்போ, உங்க காதுக்கு ஒண்ணும் இல்லீங்களா அம்மணி?"

"என் காதுக்கு என்ன?"

"இல்லீங்க... மொத நாளே பாத்தேன். தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேட்டீங்க. காதுக்குப் பின்னால கை வேற போச்சு. என்ற மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வயலின்காரம்மாவுக்குக் காது போச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போனா, அப்புறம் எந்த மேடையில கூப்புடுவாங்க? அதான் நான் கேட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிட்டே இருந்தேன். அதை வெச்சு நீங்க எழுதிக்குவீங்கன்னு."

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. நான் காது கேட்காதவள் என்று முடிவு கட்டியவர்மேல் கோபம். அந்த முடிவுக்கு நானும் வந்திருந்தேன் என்பதில் வெட்கம். எல்லாவற்றுக்கும் மேலே, பெருமையடிக்கிறார் என்று நான் பல்லைக் கடித்த ஒவ்வொரு வாக்கியமும் என்னைக் காப்பாற்றச் சொன்னது என்று தெரிந்தபோது, என்ன செய்வதென்றே தெரியவில்லை. இப்படி ஒரு பெரிய மனசை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். "பொள்ளாச்சியில என் வயலினைக் குறைக்கச் சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னேன்" என்றார் உடனே. "ஜாஸ்தியா இருந்துச்சுங்க."

சிரித்துவிட்டேன். காபி புடவையில் கொட்டியது. புதுச் சுங்குடி.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை ஒன்றுகூட விரிசல் விடவில்லை. திருப்பூருக்குப் போன் செய்து, மணிக்கட்டு குணமாகிவிட்டது என்றேன். நல்லவேளை, வேறு யாரையும் போடவில்லை. பக்கவாத்தியம் யார் என்று பிறகு சொல்கிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "டி.வி.யைக் குறை, குறைன்னு உசிரை வாங்கறவளுக்கா காது கேக்காது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். இதை எப்படி நான் யோசிக்கவில்லை?

செப்டம்பர் 5, வெள்ளி

நானும் ரெஜினாவும் பீளமேட்டில் தஸ்லீமாவின் பட்டறைக்குப் போனோம். என்னமாய் ஒரு மூளை அந்தப் பெண்ணுக்கு!

ஸ்பீக்கர் பெட்டியைச் சுழலும் மேடை ஒன்றில் ஏற்றி, மைக்கை அசையாமல் நிறுத்தியிருக்கிறாள். பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு சத்தம் வருகிறது என்று கோடு கோடாக வரைகிறாள். பழைய பெட்டியின் கோடுகள் மேல் ஸ்தாயியில் பிரிந்து தொங்கின. புதியதின் கோடுகள் கடைசிவரை ஒன்றையொன்று விடாமல், பாய் நெசவு மாதிரி பக்கம் பக்கமாகப் போயின.

பெரிய கூம்பைக் கீழ் ஸ்தாயியோடு நிறுத்திவிட்டாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கூம்பு. மேலே, உச்ச ஒலிக்கான ட்வீட்டர் என்ற குட்டி ஸ்பீக்கரைச் சுற்றி, அகலமான ஆழமில்லாத கிண்ணம் ஒன்று, மரத்தில் கடைந்தது. அந்தக் கிண்ணத்தின் வளைவுக்காகத்தான் ஒன்பது மாதம் போராடினாளாம். சின்னக் கூம்பு எவ்வளவு அகலத்துக்கு ஒலியைப் பரப்புகிறதோ, அதே அகலத்தில் ட்வீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். இடையில் தையல் தெரியக் கூடாது.

"நேரா வர்ற சத்தம் மட்டும் இல்ல மேடம், பக்கச் சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தமும் சேந்துதான் நமக்குக் கேக்குது. பக்கவாட்டுல போறது மொத்தையா இருந்தா, சுவர் அந்த மொத்தையைத்தான் திருப்பித் தரும். நேரா போறதும் பக்கத்துல போறதும் ஒரே நிறமா இருந்தாத்தான் அறையே நம்மகூடச் சேந்து வாசிக்கும்."

கிண்ணத்தைத் தடவிப் பார்த்தேன். வயலினின் மேல்பலகை வளைவைத் தடவும்போது வரும் அதே சந்தோஷம். இந்தப் பெண்ணுக்கு ஒரு ராகம் கூடப் பாடத் தெரியாதாம். இசைக்கு இவள் செய்திருப்பதைப் பாதி வித்வான்கள் செய்யவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் ரெஜினா, "போன வருஷங்கள்ல எத்தனை பேரை அந்த ரெண்டு நாற்காலியும் தள்ளி விட்டிருக்கும், மேடம்?" என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. போல்ட்டைக் கழற்றி நடு நாற்காலியையும் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். "மேடம், நீங்க வேணா நடுவுல..." என்றார் செயலாளர். வேண்டாம் என்று என் இடது நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அங்கிருந்து கேட்கத்தான் எனக்கு ஆசை.

முதலில் எண் பதினான்கையே போடச் சொன்னேன்.

சஹானா ஆரம்பித்தது. வில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பியது. அந்த இடத்தில், மணல் சரிகிறாற்போல ஒரு சின்ன உரசல். அவர் சொன்ன அதே வார்த்தைதான், வேறு எதுவும் பொருந்தாது. அடுத்த திருப்பத்திலும். அதற்கடுத்ததிலும். ஸ்வரத்தைக் கிழிக்காமல், அதைத் தாங்கிப் பிடித்து மறுபக்கம் ஒப்படைக்கிறது. முகம் தெரியாத அந்தக் குழந்தை வில்லால் மூச்சுவிடுகிறது. "வில் தூங்குகிறது" என்று எழுதிய என் கையைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. இப்படி வாசிக்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

இதோ சொல்லப் போகிறார் என்று நடு நாற்காலியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். வில் திரும்பியது. அவர் முகத்தில் அசைவில்லை. மறுபடி திரும்பியது. ஒன்றுமில்லை. மந்தர ஸ்தாயிக்கு இறங்கியபோது மட்டும் தலை ஆடியது. மேலே ஏறியதும் நின்றுவிட்டது. மெல்ல, மிக மெல்ல, தலை என் பக்கமாகச் சாய்ந்தது.

ரெஜினாவுக்குக் காது கூசிய நாற்காலி அது. அவருக்குச் சரியாக இருந்த நாற்காலி. பெரியவரின் வயதான காதுக்காகக் கூட்டி வைத்த சத்தம்.

பதிவு முடிந்தது. "கேட்டுச்சுங்களா?" என்றேன். "அந்த வில் திரும்பற இடம்?"

"கேட்டேன்" என்றார்.

இரண்டு வாரம் நான் சொன்ன அதே "கேட்டேன்". அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 17, புதன்

எண் மூன்று, புல்லாங்குழல். பதிவு ஓடும்போதே நான் ரெஜினா பக்கம் நன்றாகச் சாய்ந்தேன். நடுவில் இருப்பவரைத் தாண்டித்தானே சாய வேண்டும்.

"ரெஜினா, மூச்சைக் கவனிச்சியா? இந்த வாக்கியத்துக்கு முன்னாடி சின்னதா, பதறாம எடுக்கறான். இதோ, இப்ப பாரு. மறுபடியும்."

ரெஜினா என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு நடு நாற்காலியைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண். "ஆமா மேடம், இப்ப இன்னொரு தடவை, அந்த மேல் ஷட்ஜத்துக்கு முன்னாடி" என்று சத்தமாகவே சொன்னாள்.

அவர் விரல்கள் தொடைமேல் மூச்சின் இடத்தைத் தட்டிக் குறித்துக்கொண்டன. எங்களைப் பார்க்கவில்லை. மதிப்பெண் எழுதினார். மாலை வரை, மீதமிருந்த அத்தனை பதிவுகளுக்கும் நாங்கள் இருவரும் வாய் ஓயாமல் பேசினோம்.

எண் பதினான்கு தேர்வானது. உறையைப் பிரித்தார்கள். தாராபுரம் பக்கத்துப் பெண், பெயர் எழிலோவியா. மூன்று பேரும் கைதட்டினோம். கிளம்பும்போது அவர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"வாயாடிங்க நீங்க ரெண்டு பேரும்."

செப்டம்பர் 19, வெள்ளி

திருப்பூரிலிருந்து மறுபடி போன். மிருதங்கத்துக்கு யார் என்றார்கள். பாலகுருசாமி என்றேன். "அவருங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, மேடையில் மைக் செட்காரர் பக்கம் அவர் கை நீட்டக் கூடாது, அதை அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

மாலையில் பதில் வந்தது. சம்மதமாம். அவருக்கும் ஒரே ஒரு நிபந்தனையாம். அம்மணி கொஞ்சம் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார வேண்டும். வில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம்.

நாற்பது வருஷமாகச் சபையை நேரே பார்த்து உட்கார்ந்தே பழக்கம். இன்று சாதகத்துக்குப் பாயை, மிருதங்கக்காரர் உட்காரும் வலப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. கச்சேரிக்குள் பழகிவிடும்.